பற்றறிக்குத் தடை இருந்த மண்ணில் பற்றறியில் ஓடும் கார்: தெரியுமா உங்களுக்கு?

வன்னியில், ஏ9 வீதியிலுள்ள புளியங்குளம் சந்தியில் சத்தமில்லாமல் வந்து நிற்கிற ஒரு மின்சாரக் காரின் அடியில் இருக்கும் பற்றறி எத்தனை கிலோ தெரியுமா? சின்னக் கார் என்றால் ஏறத்தாழ 300 கிலோ. கொஞ்சம் பெரிய கார் என்றால் 400 கிலோவையும் தாண்டும்! இதே சந்திக்கு, முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னர், ரோர்ச் லைற்றுக்குப் போடும் இரண்டே இரண்டு பற்றறியைக் கொண்டுவருவதே பெரும்பாடு. 1990இல் போர் மீண்டும் மூண்டதும் வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு பற்றறியும் சேர்ந்திருந்தது. சட்டைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து பிடிபட்டவர்களின் கதைகள் இன்னும் இந்த ஊர்களில் உயிரோடு இருக்கின்றன. அந்த மண்ணில்தான் இன்று முந்நூறு கிலோ பற்றறி ஏ9 வீதியால் உருண்டு போகிறது!

மின்சாரக் கார் வாங்கலாமா, கூடாதா என்று தேநீர்க் கடை வாங்குகளில் நடக்கும் வாதங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். பெற்றோல் இல்லாமல் வாகனம் ஓட்டிய அனுபவம் வன்னிக்கு இருக்கிற அளவு உலகத்தில் வேறு எத்தனை இடங்களுக்கு இருக்கும்?

மண்ணெண்ணெயில் கார் ஓடுமா? ஓடியது! மோட்டார் சைக்கிள் ஓடியது, வான் ஓடியது, 1950களில் வந்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார்கள் நோயாளியையும் மணப்பெண்ணையும் ஏற்றிக்கொண்டு ஓடின. அந்தப் பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு. அதனால்தான் அவை மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டன. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. என்ன செய்தார்கள் தெரியுமா? சின்னப் போத்தலொன்றில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் ஆக்கி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிட்டார்கள். வெள்ளைப் புகை எழும்பும், கண் எரியும், பிளக் கரிபிடிக்கும், கழற்றித் துடைத்துத் துடைத்து ஓட வேண்டும். ஆனாலும் ஓடியது. புத்தகத்தில் படித்து வந்த வித்தை அல்ல. ஒவ்வொரு ஊர் மெக்கானிக்கும் தன் கையால் கண்டுபிடித்த வித்தை.

இன்னொன்று இதைவிட ஆச்சரியம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டோம்! ஒருவர் சுற்ற, பத்துப் பேர் சுற்றிவர இருந்து செய்தி கேட்பார்கள். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் செய்தியும் மங்கும். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், இன்றைய மின்சாரக் காரின் மிகப் பெரிய கெட்டித்தனம் அதே டைனமோவின் வேலைதான். காலைத் தூக்கி வேகத்தைக் குறைக்கும்போது, சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது. மோட்டார் அந்த நேரத்தில் டைனமோவாக மாறி, மின்சாரத்தைப் பற்றறிக்குள் திருப்பி அனுப்புகிறது. பெற்றோல் காரில் பிறேக் பிடித்தால் அந்தச் சக்தி முழுவதும் சூடாகிக் காற்றோடு போய்விடும். மின்சாரக் காரில் அதில் நல்ல பங்கு திரும்ப வருகிறது. அதனால்தான் மின்சாரக் கார்களில் பிறேக் பாட் வருடக்கணக்கில் தேயாமல் கிடக்கிறது! ஒயில் மாற்ற வேண்டாம், பிளக் மாற்ற வேண்டாம், கிளச் இல்லை. ஆனால் வாகனம் பாரம் என்பதால் ரயர் மட்டும் கொஞ்சம் வேகமாகத் தேயும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

புளியங்குளம் என்றாலே வாகனங்கள் நின்று போகும் இடம் என்று ஒரு தலைமுறைக்கே மனதில் பதிந்திருக்கிறது. 1997இல் ஏ9 வீதியைப் பிடிப்பதற்காக இராணுவம் தொடங்கிய ஜயசிக்குறு படையெடுப்பில் மாதக்கணக்கில் சண்டை நடந்த இடம் இது. 2002 போர்நிறுத்தத்தில் பாதை திறந்தபோது ஓமந்தையில் இராணுவத்தின் சோதனைச் சாவடி, இங்கே விடுதலைப் புலிகளின் சோதனைச் சாவடி. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போன ஒவ்வொருவரும் இரண்டு இடத்திலும் இறங்கி ஏறித்தான் போனார். 2006 ஓகஸ்ட்டில் பாதை மறுபடியும் மூடப்பட்டது. இன்று அதே இடத்தில் வாகனங்கள் நிற்பது தேநீருக்கும், நெடுங்கேணிப் பக்கம் திரும்புவதற்கும்தான்.

அந்தப் போர்நிறுத்தத்துக்கு அனுசரணை செய்த நாடு எது? நோர்வே! மின்சாரக் கார்களில் உலகத்துக்கே முன்னால் நிற்கும் நாடு எது? அதே நோர்வே! 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது முழு மின்சாரக் கார். வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் போய் ஒஸ்லோவிலும் பேர்கனிலும் வாழும் எங்கள் உறவுகள் பலர் அந்தக் கார்களில்தான் வேலைக்குப் போகிறார்கள். மண்ணெண்ணெய்ப் புகையில் வளர்ந்த பிள்ளை புகையே இல்லாத காரில்!

அங்கே அது எப்படித் தொடங்கியது தெரியுமா? ஒரு பாட்டுக் குழுவால்! 1989இல் ஆ-ஹா என்ற புகழ்பெற்ற இசைக்குழுவினர் சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் ஒருவரோடு சேர்ந்து, மின்சாரத்துக்கு மாற்றிய ஒரு சின்ன ஃபியட் பாண்டா காரைக் கொண்டுவந்து, வீதிக் கட்டணம் கட்டாமல் சாவடிகளைக் கடந்து கடந்து ஓட்டினார்கள். தண்டம் குவிந்தது. காரைப் பறிமுதல் செய்து ஏலத்தில் விட்டார்கள். ஏலத்தில் எடுத்தது யார்? அதே ஆட்கள்! எடுத்து மறுபடியும் கட்டணம் கட்டாமல் ஓட்டினார்கள். கடைசியில் 1997இல் மின்சாரக் கார்களுக்கு வீதிக் கட்டணமே வேண்டாம் என்று அரசு அறிவித்தது. பிடிவாதம் சட்டமான கதை!

மின்சார வாகனம் புதுசு என்று நினைக்கிறவர்களுக்கு இன்னும் சில. மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய கார் பெற்றோல் கார் அல்ல, மின்சாரக் கார். 1899இல் பாரிஸ் அருகே பெல்ஜியக்காரரான கமில் ஜெனாட்சி ஓட்டியது. அதே 1899இல் கொழும்பு வீதிகளில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது! அது 1960 வரை ஓடியது. 1953இலிருந்து 1964 வரை டிரொலி பஸ்ஸும் ஓடியது. எங்கள் பாட்டன்மார் கொழும்புக்குப் போய் மின்சார வண்டியில் ஏறியவர்கள்! சந்திரனில் மனிதன் ஓட்டிய வாகனமும் மின்சாரம்தான். 1971இலும் 1972இலும் போன மூன்று வண்டிகளும் இன்னும் அங்கேயே நிற்கின்றன.

இனி, தமிழர் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒருவர். லிதியம் அயன் பற்றறிக்காக 2019இல் வேதியியல் நோபல் பரிசு மூவருக்குக் கிடைத்தது. அவர்களில் ஜோன் குடினஃபுக்கு அப்போது 97 வயது. நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர்! ஸ்ரொக்ஹோமில் அவருக்காக மேடையேறி நோபல் உரையை நிகழ்த்தியது யார் தெரியுமா? ஆறுமுகம் மந்திரம்! தென் தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வுப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 1980களில் குடினஃபோடு சேர்ந்து, சல்பேற்று போன்ற சேர்மங்களைப் பற்றறியின் நேர்முனையாக்கலாம், அதனால் வோல்ற்றளவும் உயரும் என்று காட்டியவர் அவர். அந்த வழியே போய்த்தான் 1990களில் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றறி பிறந்தது. இன்று சீனாவிலிருந்து வரும் மின்சாரக் கார்களிலும், நல்ல ஸ்கூட்டர்களிலும் இருப்பது பெரும்பாலும் அதே இரும்புப் பொஸ்பேற்று. விலை கூடிய கோபால்ற்று வேண்டாம், சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், ஆயுளும் நீளம். வன்னி வெயிலுக்கு ஏற்ற பற்றறி! அடுத்த முறை யாராவது ஸ்கூட்டர் சார்ஜ் போடுவதைக் கண்டால், அதற்குள் ஒரு தமிழரின் மூளையும் வேலை செய்கிறது என்று உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

பற்றறி வகையைக் கேட்டு வாங்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிக்கல் கலந்த பற்றறியை நாளாந்தம் 80 வீதத்தோடு நிறுத்துவது நல்லது. இரும்புப் பொஸ்பேற்றையோ அடிக்கடி 100 வீதம் ஏற்றச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். அப்படி ஏற்றினால்தான் காரின் கணினி மிச்சம் எவ்வளவு என்று சரியாகக் கணக்கு வைக்கும். ஒருவருக்குச் சரியான புத்திமதி மற்றவருக்குப் பிழை! கடை வாங்கில் பாதிச் சண்டை இதனால்தான் வருகிறது.

நிசான் லீஃப் பற்றிச் சொல்லாமல் இலங்கையின் மின்சாரக் கார்க் கதை நிறைவடையாது. 2014, 2015இல் வரி குறைவாக இருந்த நேரத்தில் ஆயிரக்கணக்கில் வந்தவை அவை. 24 கிலோவாட் மணி பற்றறி; புதிதாக இருக்கும்போதே 120, 130 கிலோமீற்றர்தான் நிச்சயம். யாழ்ப்பாணத்தில் முழுச் சார்ஜோடு புறப்பட்டால் புளியங்குளத்துக்கு வந்து சேரும்போது அதன் மூச்சு ஏறத்தாழ முடிந்திருக்கும்! அந்தக் காரின் மீற்றரில் பற்றறி ஆரோக்கியத்தைக் காட்ட 12 கட்டம் இருக்கும். எல்லோரும் அதை ‘பார்’ என்பார்கள். ‘ஒரு பார்தான் குறைஞ்சிருக்கு அண்ணை’ என்று விற்கிறவர் சொன்னால் என்ன அர்த்தம் தெரியுமா? பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விட்டது என்றல்ல. முதல் பார் விழுவதற்குள்ளேயே ஏறத்தாழ 15 வீதம் போயிருக்கும்! அதற்குப் பிறகு விழும் ஒவ்வொரு பாரும் ஆறு வீதத்துக்குச் சற்றுக் கூட. லீஃப் பற்றறிக்குள் குளிர்த் திரவம் ஓடும் ஏற்பாடும் இல்லை. வெப்பம் கூடிய நாட்டில் அது வேகமாகத் தளர்கிறது. பழைய லீஃப் வாங்க நினைக்கிறவர் காரின் பெயின்ற்றைப் பார்க்க வேண்டாம், பாரை எண்ணுங்கள். ஊருக்குள் ஓடவும், வவுனியாவுக்குப் போய் வரவும் எட்டுப் பார் லீஃப் தாராளமாகப் போதும். கொழும்புக்கு அது போதாது.

புதிய கார்கள் 300, 400 கிலோமீற்றர் ஓடுகின்றன. யாழ்ப்பாணம் - கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஏ9இல் 70, 80இல் போகும்வரை கணக்குச் சரி. 110இல் மிதித்தால்? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும்; பற்றறி கண்ணுக்கு முன்னால் இறங்கும்! பெற்றோல் காரிலும் அது நடக்கத்தான் செய்கிறது, ஆனால் யாரும் கவனிப்பதில்லை.

சரி, எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். சந்தியில் தேநீர்க் கடை யன்னலால் வயர் விட்டு மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தவரிடம் ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணை, கறண்ட் போனா என்ன செய்வியள்?” அவர் தேநீரை வைத்துவிட்டுத் திருப்பிக் கேட்டார்: “பெற்றோல் வராத நேரம் நீர் என்ன செய்தனீர் தம்பி?”

இரண்டு பேரும் சரி! 2022 ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவை தவிர்ந்த வாகனங்களுக்கு எரிபொருளே இல்லை என்று அரசு நிறுத்தியது. ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா. பிறகு கியூ.ஆர். அட்டை வந்தது; தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். ஓட்டோ ஓடிப் பிழைக்கிறவருக்கு 5 லீற்றர் ஒரு நாளுக்கே காணாது. ஆனால் அதே 2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணிநேர மின்வெட்டும் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. பெற்றோலும் இல்லை, கறண்டும் இல்லை!

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் கறண்ட் போனதே, அது யாரால் தெரியுமா? ஒரு குரங்கால்! பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் புகுந்த குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். ஒரு குரங்கு எப்படி முழு நாட்டையும் இருட்டாக்கும்? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. அது வெயில் கொளுத்திய ஞாயிறு முற்பகல். தொழிற்சாலைகள் பூட்டு, மின்தேவை குறைவு. கூரைகளிலிருந்து சோலர் மின்சாரமோ கொட்டிக்கொண்டிருந்தது. பெரிய இயந்திரங்கள் குறைவாகச் சுழலும் நேரத்தில் வலையமைப்புக்குத் தாங்கும் பலம் குறைவு. ஒரு அதிர்ச்சி விழுந்ததும் சமாளிக்க முடியாமல் எல்லாம் சரிந்தது.

இரண்டு மாதம் கழித்து நடந்தது இன்னும் வியப்பு. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் உங்கள் கூரைச் சோலரை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது! வானத்திலிருந்து இலவசமாக விழும் மின்சாரத்தை வாங்க ஆளில்லை. ஒரு பக்கம் டொலர் கொடுத்துப் பெற்றோல் இறக்குகிறோம். இன்னொரு பக்கம் வெயிலை அணைக்கிறோம்!

அந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான வாகனங்கள் பகல் பதினொரு மணிக்கு மரநிழலில் நின்று சார்ஜ் குடித்துக்கொண்டிருந்தால்? நான் மின்சார வாகனத்தின் பக்கம் நிற்பதற்கு முதற்காரணம் இதுதான். கணக்கைப் பாருங்கள். எங்கள் வெயிலில் ஒரு கிலோவாட் சோலர் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட், அதாவது 4 கிலோவாட் மணி, தரும். 5 கிலோவாட் கூரை என்றால் 20 யூனிட். ஒரு சிறிய மின்சாரக் காருக்கு 100 கிலோமீற்றர் ஓட ஏறத்தாழ 15 யூனிட் போதும். உங்கள் ஓட்டுக் கூரையில் ஒரு நாள் விழும் வெயில், உங்களைப் புளியங்குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்விடும்! மின்சார ஸ்கூட்டர் என்றால் 100 கிலோமீற்றருக்கு 3 யூனிட்டே அதிகம். பெற்றோல் எஞ்சின் என்ன செய்கிறது? உள்ளே போகும் சக்தியில் கால்வாசி அளவுதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி எல்லாம் சூடு.

இதில் ஒரு முரண் இருக்கிறது. மின்சார சபையின் நேரவாரிக் கட்டணத்தில் இரவு 10.30இலிருந்து விடிய 5.30 வரைதான் மலிவு. அதனால் கார்க்காரர் எல்லோரும் படுக்கப் போகும்போது பிளக் போடுகிறார்கள். இரவில் சூரியன் இல்லை. நுரைச்சோலையின் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்துக்கொண்டிருக்கும். நிலக்கரி மின்சாரத்தில் ஓடினால் சூழலுக்கு என்ன இலாபம் என்று கேட்கிறவர்களின் கேள்வி நியாயமானது. புகை ஊரைவிட்டுப் போகிறதே தவிர நாட்டைவிட்டுப் போகவில்லை. பகல் வெயிலில் சார்ஜ் போட்டால்தான் முழு இலாபம். பகற் சார்ஜுக்கு மலிவுக் கட்டணம் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கூரையில் சோலர் இருந்தால் மின்வெட்டிலும் சார்ஜ் போடலாம் என்று நினைக்கிறீர்களா? பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத விசயம்: சாதாரண சோலர் அமைப்பு மின்வெட்டு வந்தால் தானும் நின்றுவிடும்! கம்பியில் ஏறி வேலை செய்யும் மின்சார சபைத் தொழிலாளியின் உயிரைக் காக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் வேலை செய்ய வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வேட்டரும் வீட்டுப் பற்றறியும் வேண்டும்.

ஆனால் இப்போது வரும் பல கார்கள் இதைத் தலைகீழாக்கிவிட்டன. கார் வீட்டுக்குக் கறண்ட் கொடுக்கும்! காரின் சார்ஜ் துவாரத்தில் ஒரு இணைப்பைச் செருகினால் இரண்டு, மூன்று கிலோவாட் எடுக்கலாம்: மின்விசிறி, லைற், குளிர்சாதனப் பெட்டி, கிணற்று மோட்டார். ஒரு நாளைக்கு 3 யூனிட் பாவிக்கும் கிராமத்து வீட்டுக்கு 60 கிலோவாட் மணிப் பற்றறி இரண்டு கிழமைக்கு மேல் தாங்கும். ஜாம் போத்தலில் துணித்திரி போட்டு விளக்கேற்றிப் படித்த பிள்ளைகள் வளர்ந்த வீடுகள் இவை!

வீட்டில் சார்ஜ் போடுகிறவர்கள் தயவுசெய்து ஒன்றைச் செய்யுங்கள். பிளக் போட்டு அரை மணித்தியாலம் கழித்துப் போய்ப் பிளக்கின் தலையைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடா? உடனே நிறுத்துங்கள். சாதாரண 13 அம்பியர் செருகியில் கேத்தில் ஐந்து நிமிடம் எரியும். கார் எட்டு, பத்து மணித்தியாலம் இழுக்கும். பழைய வயர், தளர்ந்த செருகி, சுருட்டியபடி கிடக்கும் எக்ஸ்ரென்ஷன் வயர் மூன்றும் எதிரி. செருகியின் துவாரத்தைச் சுற்றிப் பிளாஸ்ரிக் பழுப்பாகியிருக்கிறதா என்று பாருங்கள், அது எச்சரிக்கை. காருக்கென்று மின்பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிறேக்கர், நல்ல எர்த். இவ்வளவு காசு போட்டுக் கார் வாங்கிவிட்டு வயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மழையில் சார்ஜ் போடலாமா? தரமான கருவி என்றால் போடலாம். இணைப்பு முழுவதாகப் பூட்டிய பிறகே மின்சாரம் பாயும். மாரிகாலத்தில் பாலத்தின் மேல் வெள்ளம் பாய்ந்தால்? பற்றறிப் பெட்டியை ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணிநேரம் கிடந்தாலும் நீர் புகாத தரத்தில் செய்கிறார்கள். அதற்காக வெள்ளத்துக்குள் விட்டுப் பார்க்க வேண்டாம். காரை இழுத்துப் போக வெள்ளத்துக்குப் பெற்றோல், மின்சாரம் என்ற பேதம் கிடையாது. தீப்பிடிப்பது பெற்றோல் கார்களைவிட அபூர்வம் என்பதே சுவீடன் போன்ற நாடுகளின் பதிவு. பற்றினால் அணைப்பது மட்டும் மிகக் கடினம்.

இவ்வளவு பெரிய பற்றறி இருந்தும் மின்சாரக் கார் ஸ்ரார்ட் ஆகாமல் நிற்கலாம், தெரியுமா? பெற்றோல் காரில் இருப்பதுபோல் இதிலும் ஒரு சின்ன 12 வோல்ற் பற்றறி இருக்கிறது. கணினியை எழுப்புவதும், பெரிய பற்றறிக்கு இணைப்புக் கொடுப்பதும் அதுதான். அது செத்தால் நானூறு கிலோவும் சும்மா! வெளிநாட்டிலிருந்து வந்து போகிறவர்கள் காரை மாதக்கணக்கில் பூட்டி வைத்துவிட்டுப் போகும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது.

சத்தமில்லாமல் போவது நல்லதா, கெட்டதா? கனகராயன்குளம் தாண்டி வீதியில் படுத்திருக்கும் மாடுகளிடம் கேட்க வேண்டும்! எஞ்சின் சத்தம் கேட்டு எழும்பிப் பழகிய மாடு, மின்சாரக் கார் வந்தால் தலையைக் கூடத் திருப்புவதில்லை. பார்வையற்றவர்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் இது உண்மையான ஆபத்து. அதனால்தான் ஐரோப்பாவில் மணிக்கு 20 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில் கார் தானே ஒரு ஒலி எழுப்ப வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். இங்கே இரவில் ஹோர்னிலும் நிதானத்திலும்தான் தங்கியிருக்க வேண்டும். மற்றபடி முறிகண்டிப் பிள்ளையார் முன்னால் எல்லா வாகனமும் ஒன்றுதான். கச்சான் வாங்கி, தேங்காய் அடித்துவிட்டுத்தான் மின்சாரக் காரும் நகர்கிறது!

வரிச் சண்டையும் ஒரு அதிசயம்தான். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடையில் 2022இல், வங்கி வழியாக வீட்டுக்குப் பணம் அனுப்பும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு மட்டும் மின்வாகனம் கொண்டுவர அனுமதி கிடைத்தது. பெற்றோல் காருக்கு எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து வரி. மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்து வரி. மோட்டார் 100 கிலோவாட்டா, 150 கிலோவாட்டா என்ற ஒரே கேள்வியில் 2025இல் நூற்றுக்கணக்கான சீனக் கார்களைச் சுங்கம் தடுத்து வைத்து, வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது! காரில் ஏறுகிறவருக்குத் தெரியாத ஒரு எண், விலையில் இலட்சக்கணக்கில் வித்தியாசம்.

ஏழைக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஸ்கூட்டரும் ஓட்டோவும். ஓடுகிற பெற்றோல் ஓட்டோவையே மின்சாரத்துக்கு மாற்றும் முன்னோடித் திட்டத்தை ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் இலங்கையில் நடத்தியிருக்கிறது. எஞ்சினைக் கழற்றி மோட்டாரைப் பூட்டும் வேலை அது. மண்ணெண்ணெயில் காரை ஓட்டிக் காட்டிய கைகளுக்கு அது முடியாதா? கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இலிருந்து இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, அதன் அருகிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வன்னிப் பிள்ளைகளே, உயர் வோல்ற் பற்றறி வேலையைப் பாதுகாப்பாகச் செய்யப் படித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த பத்து வருடம் இந்த வீதியில் வேலைக்குக் குறைவே இருக்காது.

ஏ9 ஓரத்தில் சாப்பாட்டுக் கடையும் தேநீர்க் கடையும் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கூரையில் சோலர் போடும்போது, முற்றத்தில் 7 கிலோவாட் சார்ஜர் ஒன்றும் பூட்டி, வீதியில் தெரிகிற மாதிரி ஒரு பலகை வையுங்கள். ஒரு மணித்தியாலம் சார்ஜ் போட்டால் கார் நாற்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடும். அந்த நேரத்துக்குள் காரில் வந்த நாலு பேரும் உங்கள் கடையில் ஆறுதலாக இருந்து சாப்பிடுவார்கள்.